அடித்துவிட்ட மூன்று எழுத்து

சே.ம.சூ.

ஒதியம்பட்டு
10.6.2024

அன்புள்ள லில்லி அத்தைக்கு,

முதலில் தலைப்பைப் பாருங்கள். சேசு, மரி, சூசை மூன்று பேரையும் கூப்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். போன தடவை போடாமல் விட்டதற்கு என் கடிதத்தையே சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினீர்களே, அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. காதுக்கு வாங்கிய புது மெஷின் பொருந்தியதா? போனில் நீங்கள் "இன்னா? இன்னா?" என்று கத்துவதற்குக் காகிதமே மேல். அம்மா சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை இருநூற்றைத் தாண்டி நிற்கிறது. வாயைக் கட்டுங்கள் என்றால் முறைக்கிறார்.

பல்கலைக்கழகத்தில் எனக்குத் திட்ட உதவியாளர் வேலை கிடைத்தது தெரியும். டிசம்பர் வரைதான். ஆண்டு விழாவுக்காக நூலகத்தில் ஒரு நீளச் சுவரை ஒதுக்கியிருக்கிறார்கள். கூலி வேலைக் குடும்பங்களிலிருந்தும் காலனிகளிலிருந்தும் வந்து இங்கே படித்தவர்களைப் பற்றி எங்கேயும் ஒரு வரி கிடையாது. துணைவேந்தர்கள் படம்தான் வரிசையாகத் தொங்குகிறது. அந்த எழுதப்படாத வரலாற்றைத் தேடி எழுதுவதுதான் எங்கள் வேலை.

முதல் படம் நீங்கள். 'வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு கொம்யூன் பஞ்சாயத்துகளிலிருந்து வந்து விடுதியில் தங்கி எம்.ஏ. முடித்த முதல் பெண்.' திட்டத் தலைவர் கலைவேந்தன் சாரிடம், என் அத்தை சாதாரணப் பெண் அல்ல என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அன்றைய போட்டோ ஒன்றும், நினைவில் இருப்பது இரண்டு பக்கமும் அனுப்புங்கள்.

உங்கள் மருமகள்,
சுகன்யா

*

சே.ம.சூ.

காரைக்கால்
22.6.2024

சுகன்யாக் கண்ணுக்கு அத்தையின் ஆசீர்.

மெஷின் விசில் அடிக்கிறது. கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். பிரிட்டோ அண்ணனிடம் சொல், அவர் மாம்பழத்தை எங்கே ஒளித்துவைத்துத் தின்பார் என்று எனக்குத் தெரியும். அரிசிப் பானையில் பார்.

'வேலை கிடைத்தது தெரியும்.' யாருக்கு? 'பெண் அல்ல' என்பது தப்பு. பெண் அல்லள். ஆராய்ச்சி செய்யப் போகிறவள் இப்படி எழுதினால் ஊர் சிரிக்கும்.

போட்டோ இத்துடன் வைத்திருக்கிறேன். பத்திரமாகத் திருப்பித் தா. எழுத என்ன இருக்கிறது? அறை எண் பன்னிரண்டு. சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற அம்மா என் தட்டில் கரண்டி படாமல் மேலேயிருந்து சாம்பாரை விடுவாள், பாவாடையெல்லாம் தெறிக்கும். முதல் நாள் ஒருத்தி ஊரைக் கேட்டாள். ஒதியம்பட்டு என்றேன். "ஒதியம்பட்டுல எங்க?" என்றாள். அந்த 'எங்க'வைக் கேட்கத்தான் அவள் ஊரையே கேட்டது. "கோயில் பக்கம்" என்றேன். காலனி மாதா கோயில் என்று சொல்லவில்லை. இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன்.

சேர்ந்தது ஆகஸ்ட் பதினேழு, 1994. பட்டியல் தாமதமாக வந்தது. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. 'முதல்' என்ற சொல்லை எடுத்துவிடு. முதல் என்று சொல்லிக்கொள்கிறவளுக்கு முன்னால் யாராவது இருந்திருப்பார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அத்தை லில்லி

*

சே.ம.சூ.

ஒதியம்பட்டு
8.7.2024

அன்புள்ள அத்தைக்கு,

மாம்பழம் அரிசிப் பானையில்தான் இருந்தது. அப்பா உங்கள் மேல் கோபமாக இருக்கிறார்.

உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். நிஜமாகவே முன்னால் ஒருத்தர் இருந்திருக்கிறார்! விடுதிப் பதிவேட்டில் அறை பன்னிரண்டுக்கு நேராக, உங்களுக்கு மேல் வரியில், 'ச. உஷாராணி, செல்லிப்பட்டு' என்று இருக்கிறது. ஐந்து வாரம் தங்கியிருக்கிறார். பிறகு சிவப்பு மையில் ஒரு கோடு. அப்போது கிராமக் கொம்யூன் பெண்களுக்கென்று வருஷத்துக்கு ஒரே ஒரு இலவச இடமாமே? புதுவை மண்ணில் பிறந்திருக்க வேண்டும் என்று விதியாம்.

கோப்பைத் துருவினேன். ஒரு மொட்டைக் கடிதம் கிடைத்தது. தேதி 2.8.94. அப்படியே எழுதுகிறேன்:

'ஐயா, கிராமக் கொம்யூன் இடத்தில் சேர்க்கப்பட்டுள்ள ச. உஷாராணி புதுவை மண்ணில் பிறந்தவள் அல்லள். ஆற்றுக்கு அப்பால், தமிழ்நாட்டைச் சேர்ந்த தாய் வீட்டில் பிறந்து, செல்லிப்பட்டில் பிறந்ததாகப் பொய்யாகப் பதியப்பட்டவள். தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம். இப்படிக்கு, செல்லிப்பட்டு ஊர்ப் பொதுமக்கள்.'

மேலே ஒரு மைக் கிறுக்கல், பக்கத்தில் பிள்ளையார் சுழி. மூன்றே நாளில், ஐந்தாம் தேதி, சேர்க்கை ரத்து. அவரைக் கூப்பிட்டு விசாரித்ததாக ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஒரு வேடிக்கையும் இருக்கிறது. செல்லிப்பட்டுப் பொதுமக்கள் 'அல்லள்' எழுத எங்கே கற்றார்கள்? உங்களிடம் டியூஷன் படித்தவர்கள் போல் இருக்கிறதே!

உங்களுக்கு அவரைத் தெரியுமா?

சுகன்யா

*

சே.ம.சூ.

காரைக்கால்
14.8.2024

சுகன்யாவுக்கு,

நாளை பரலோக மாதா திருநாள். உங்கள் எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். மெஷினைப் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன். இங்கே மழை இல்லை. அண்ணன் கால் விரலைத் தினமும் பார்க்கச் சொல், புண் வந்தால் தெரியாது. போட்டோவை இன்னும் ஏன் திருப்பி அனுப்பவில்லை?

அத்தை

*

சே.ம.சூ.

ஒதியம்பட்டு
1.9.2024

அன்புள்ள அத்தைக்கு,

ஒரு மாதம் காத்திருந்தால் அஞ்சலட்டையில் ஐந்து வரியா? காது சரியில்லையென்றால் கைக்கு என்ன? அப்பா விரல் நன்றாக இருக்கிறது.

உஷாராணி அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டேன். செல்லிப்பட்டில் விசாரித்தேன், மூலக்குளத்தில் ஒரு துணிக்கடையைச் சொன்னார்கள். இருபத்து நான்கு வருஷமாகப் புடவைப் பிரிவில் நிற்கிறார். "உக்கார ஸ்டூல் கெடையாது. நின்னு நின்னு கால்ல நரம்பு சுருட்டிகினு கெடக்குது" என்றார். நான் யாரென்று தெரியாமல் "இன்னா வேணும்மா? பட்டா, காட்டனா?" என்று பத்துப் புடவை விரித்துவிட்டார்.

லில்லியின் மருமகள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. கல்லூரியில் உங்களோடு மூன்று வருஷம் ஒரே பெஞ்சாமே! ஏன் அத்தை சொல்லவில்லை?

இடம் போனதைவிட அவருக்கு வேறொரு வேதனை. பிறந்த இடம் வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். ஆகவே மொட்டைக் கடிதம் எழுதியது தன் சொந்தத் தம்பி ஆதிமூலம்தான் என்று அவர் அப்பா முடிவு கட்டிவிட்டார். அப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முருங்கை மரத் தகராறு இருந்ததாம். அன்றோடு பேச்சு நின்றது. "எங்கப்பா செத்தப்போ சித்தப்பா வாசல்ல நின்னு அழுவுறாரு. எங்கம்மா உள்ள வுடல. மொகத்தக்கூட பாக்க வுடல" என்றார். ஆதிமூலத்துக்கு இப்போது எண்பத்திரண்டு. உயிரோடு இருக்கிறார். அவர் பேத்தி எங்கள் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு.

மொட்டைக் கடிதத்தின் நகலைக் காட்டினேன். இதுவரை யாரும் அவருக்குக் காட்டியதில்லையாம். வெகுநேரம் பார்த்தார். மடித்துக் கொடுத்துவிட்டு, "உங்க அத்த இன்னும் லெட்டர் மேல அந்த மூணு எழுத்து போடுதா?" என்று கேட்டார். போடுவார் என்றேன். விரித்த புடவையை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

எதற்கு அப்படிக் கேட்டார்?

சுகன்யா

*

சே.ம.சூ.

காரைக்கால்
9.9.2024

சுகன்யா,

யாரைக் கேட்டுக்கொண்டு அந்தக் கடைக்குப் போனாய்? முப்பது வருஷத்துக் குப்பையைக் கிளறி ஒருத்தியை வேலை செய்கிற இடத்தில் அழவைப்பதற்குப் பெயர் வரலாறா? உனக்கு என்ன வயது, என்ன தெரியும்?

என் படம் சுவரில் வேண்டாம். என் பெயரும் வேண்டாம். அந்தக் காகிதத்தை எடுத்த இடத்தில் வைத்துவிடு. முடிந்தால் கிழித்துப் போடு. அந்த வேலையும் வேண்டாம், இங்கே வா, பள்ளிக்கூடத்தில் ஏதாவது பார்த்துத் தருகிறேன்.

அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லாதே. அவர் உடம்பு தாங்காது.

லில்லி

*

ஒதியம்பட்டு
20.9.2024

அத்தை,

கிழிக்கச் சொன்னீர்கள். அதனால்தான் மூலக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நகலில் கிறுக்கல் மட்டும்தான் தெரிந்தது. மூலத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், பேனா அழுந்திய தடம் பின்பக்கம் புடைத்துக்கொண்டிருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன். சே. ம. சூ. எழுதிவிட்டு, பயந்து அடித்துவிட்டு, பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறீர்கள். செல்லிப்பட்டுப் பொதுமக்களில் எத்தனை பேர் சே.ம.சூ. போடுவார்கள்?

நீங்களா அத்தை? இல்லையென்று ஒரு வரி எழுதுங்கள், நம்புகிறேன்.

இன்னொன்று. கலைவேந்தன் சார் அந்தக் கடிதத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிச் சுவர் நடுவில் மாட்டப்போகிறார். 'சொந்த ஊரே துரத்திய மாணவி' என்று தலைப்பும் தயார். நவம்பர் இருபதில் அச்சுக்குப் போகிறது. ஆதிமூலத்தின் பேத்தி தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். அந்தத் தலைப்பை யோசித்துக் கொடுத்தவள் நான்.

சுகன்யா

*

சே.ம.சூ.

காரைக்கால்
18.10.2024

சுகன்யா,

நான்தான்.

இந்த ஒரு சொல்லை எழுத நாலு வாரம் ஆனது. இனி எழுதிவிடுகிறேன்.

பி.ஏ. முடித்த வருஷம் வில்லியனூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். உஷா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நான் பொறந்தது ஆத்துக்கு அந்தாண்ட, எங்கம்மா வூட்லடி. ஆத்துல வெள்ளம் வந்து மூணு மாசம் கழிச்சிதான் தூக்கிகினு வந்தாங்களாம். எங்கப்பா கொம்யூன் ஆபீஸ்ல செல்லிப்பட்டுன்னு எழுதிட்டாரு." தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. நம் பக்கத்தில் பாதிப் பேர் அப்படிப் பிறந்தவர்கள்தான். இது ஒரு குற்றமா? நான் குற்றமாக்கினேன்.

இடத்துக்கு அவள் முதலாவது, நான் அடுத்தது. ஒரு மார்க் வித்தியாசம். அவள் சேர்ந்துவிட்டாள். நான் அப்பாவோடு செங்கல் சூளையில் கல் அறுக்கப் போனேன். மண் மிதித்துக் கால் வெடித்தது. ஆகஸ்டு முடிந்தால் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு முதல் தாரத்துப் பிள்ளை என் வயதுக்கு இருந்தது. ஒரு மத்தியானம் சூளையிலிருந்து வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். பொய்க் கடிதம் எழுதும்போதும் கை பழக்கத்தில் மூன்று எழுத்தைப் போட்டுவிட்டது. வேறு தாள் இல்லை. அடித்தேன்.

விசாரிப்பார்கள், அவளும் ஏதாவது பதில் சொல்லுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். பெரிய வீட்டுப் பெண் என்றால் விசாரிப்பார்கள். எங்களைப் போன்றவளை அனுப்பக் கையெழுத்தில்லாத ஒரு காகிதம் போதும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

கேள். எனக்கு இடம் கிடைத்ததும் ஒதியம்பட்டுக்கு வந்தாள். "உன்கிட்ட பொட்டி இல்லியேடி, இத எடுத்துகினு போ" என்று தன் டிரங்குப் பெட்டியைக் கொடுத்தாள். அதன் மேல் அவள் பெயரைப் பெயின்டில் எழுதித் தந்தது நான்தான். என் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? அந்தப் பெட்டி இப்போதும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவள் அந்தக் கடையில் சேர்ந்ததிலிருந்து, ஊருக்கு வரும்போதெல்லாம் மூலக்குளத்தில் பஸ் நின்றால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன்.

அவள் சித்தப்பா விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

என் சம்பளத்தில் படித்தவள் நீ. அதனால் கேட்கிறேன், நான் என்ன செய்ய?

லில்லி

*

ஒதியம்பட்டு
27.10.2024

அத்தை,

மூன்று தடவை படித்தேன். உங்களைத் திட்டவும் முடியவில்லை, பாவம் என்று சொல்லவும் முடியவில்லை. நான் போட்டிருக்கிற சட்டைகூட அந்த இடத்திலிருந்து வந்ததுதானே என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

உங்களைக் காட்டிக் கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தலைப்பையும் என் கையால் மாட்ட மாட்டேன். நவம்பர் இருபது. மற்றது உங்கள் கையில். மாத்திரை போடுகிறீர்களா?

சுகன்யா

*

சே.ம.சூ.

காரைக்கால்
12.11.2024

பெறுநர்: திட்டத் தலைவர் அவர்கள், பல்கலைக்கழக நூலகம்.
நகல்: திருமதி ச. உஷாராணி, மூலக்குளம்; செல்வி சுகன்யா, ஒதியம்பட்டு.

ஐயா,

தங்கள் சுவரில் மாட்டவிருக்கும் 2.8.1994 தேதியிட்ட கடிதத்தைச் செல்லிப்பட்டு ஊர்ப் பொதுமக்கள் எழுதவில்லை. உஷாராணியின் சித்தப்பா திரு. ஆதிமூலம் எழுதவில்லை. அவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை எழுதியவள் நான். அவளுக்கு அடுத்து அந்த இடத்தை எதிர்பார்த்திருந்தவள், அவள் என்னை நம்பிச் சொன்னதை வைத்து எழுதினேன்.

தாய் வீட்டில் பிறந்த ஒரு பெண்ணை ஒரு கேள்வியும் கேட்காமல் மூன்று நாளில் வெளியேற்றியது தங்கள் அலுவலகம். அதையும் சுவரில் எழுத வேண்டும்.

விடுதியின் அறை பன்னிரண்டில் முதல் பெயர் உஷாராணி. என் படத்தை நீக்கிவிட்டு இந்தக் கடிதத்தை மாட்டக் கேட்டுக்கொள்கிறேன். மேலே இருக்கும் மூன்று எழுத்தை இந்த முறை நான் அடிக்கவில்லை. கீழே கையெழுத்தும் இருக்கிறது.

இப்படிக்கு,
அ. லில்லி
பள்ளித் துணை முதல்வர்

*

உ

மூலக்குளம்
19.1.2025

லில்லி,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும். எனக்குக் கேட்க வரவில்லை. நான் கால்வலியோடு இருக்கிறேன்.

உன் கடிதத்தை அவர்கள் மாட்டவில்லை. சர்ச்சை வேண்டாமென்று மொட்டைக் கடிதத்தையும் எடுத்துவிட்டார்களாம், உன் போட்டோவையும் எடுத்துவிட்டார்களாம். அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். சுகன்யாவுக்கு வேலையை நீட்டித்துத் தரவில்லை. கடைக்கு வந்து அழுதது. "ஏம்மா அழுவுற? நம்ம பேரு அங்க எப்போ இருந்துச்சி, இப்போ இல்லாம போறதுக்கு?" என்றேன். அழுகை எனக்கும்தான் வந்தது.

மேலே போட்டிருக்கிற சுழி எங்கள் சாமிக்குப் போட்டது. இடம் போனதுகூட எனக்கு ஒரு நாள் ஆறிவிடும் போலிருக்கிறது. நீ இந்தச் சுழியைப் போட்டு எங்கள் ஊர்க்காரன் மாதிரி எழுதினாயே, அது ஆறவில்லை. அதனால் ஒரு வீடு இரண்டாகப் போயிற்று. எங்கப்பா தன் தம்பியைத் திட்டிக்கொண்டே செத்தார். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். எதிர்பார்க்காதே.

பொங்கல் லீவில் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு செல்லிப்பட்டுக்குப் போனேன். சித்தப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. உரக்கப் படித்தேன். "இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். "ஆதிமூலம் எழுதவில்லைன்னு வருதே, அந்த எடத்த மட்டும் படி" என்றார். அதை மட்டும் நாலு தடவை படித்தேன். பிறகு தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். முப்பது வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டினார். அம்மா விலகி நின்றாள். அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்று, "அண்ணே, கேட்டுகினியா? நான் எழுதல" என்றார். படம் என்ன பதில் சொல்லும், லில்லி?

அடுத்த மாதம் பதினாறாம் தேதி அப்பாவுக்குத் திதி. சித்தப்பா முதல் முறையாக வருகிறார். காகிதத்தில் கேட்டது போதாதாம், உன் வாயால் ஒரு தரம் கேட்க வேண்டுமாம். கடைக்கு வராதே. செல்லிப்பட்டுக்கு வா. என் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வா.

காது கேட்கவில்லை என்று சாக்குச் சொல்லாதே. நீ கேட்க வர வேண்டாம், சொல்ல வந்தால் போதும்.

உஷாராணி